கோபுரத்தில் கலர் இருந்தால் கலை இல்லையா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன பொங்கல் லீவில் வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கும் பள்ளி நண்பன் ஒருவன் வந்திருந்தான். மதுரைக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் எங்கே கூட்டிப்போவான்? மீனாட்சி அம்மன் கோவில்தான். தெற்குச் சித்திரை வீதியில் நின்று தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். ஒரு நிமிஷம் பேசவே இல்லை. நானே கட்டிய கோபுரம் மாதிரி பெருமையாக நின்றேன். அப்புறம் அவன் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு மச்சி. ஆனா ஏன்டா இப்படி பெயின்ட் அடிச்சு வச்சிருக்கீங்க? கொலு பொம்மை மாதிரி இருக்கு. ஒரிஜினல் கல்லை அப்படியே விட்டிருந்தா எவ்வளவு கெத்தா இருந்திருக்கும்!"

என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமாடா, நானும் அதான் நினைப்பேன்" என்றேன். வெட்கக்கேடு. அந்த நேரத்தில் அது பெரிய ரசனையான பேச்சாகத் தோன்றியது.

மறுநாள் திருப்பரங்குன்றம். எங்கள் பசுமலையிலிருந்து கூப்பிடு தூரம். முன்பக்கம் முருகன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, மலையின் தெற்குப் பக்கம் தென்பரங்குன்றத்தில் இருக்கும் உமையாண்டார் குடைவரைக்குப் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பெயின்ட் இல்லை, எண்ணெய் இல்லை, மாலை இல்லை, ஆளும் இல்லை. பாறையில் அர்த்தநாரீஸ்வரர் தனியாக நிற்கிறார். நண்பன் போனை எடுத்து நாற்பது போட்டோவாவது எடுத்திருப்பான். "இதுதான்டா கலை. அங்க இருக்கிறது பக்தி" என்றான்.

ஒரே மலை. இந்தப் பக்கம் கலை, அந்தப் பக்கம் பக்தி. இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு. (மறுநாள் காஸ்ட் அக்கவுன்டிங் டெஸ்ட் இருந்தது. அதை விடுங்கள்.)

முதலில் ஒரு சின்ன விஷயம். நண்பன் சொன்ன அந்த "ஒரிஜினல் கல்" அங்கே கிடையவே கிடையாது! நம் ஊர் பெரிய கோபுரங்களில் அடித்தளமும் வாசல் இருக்கும் கீழ்ப்பகுதியும்தான் கருங்கல். அதற்கு மேலே அடுக்கடுக்காகப் போவதெல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அந்த உருவங்கள் சுதையில் செய்தவை. பெயின்டைச் சுரண்டிக்கொண்டே போனால் உள்ளிருந்து கம்பீரமான கல் சிற்பம் வெளியே வராது. காரையும் செங்கலும்தான் வரும். சுதை உருவத்துக்கு வண்ணம் என்பது மேலே போட்ட அலங்காரம் மட்டும் இல்லை. மூக்கும் முழியும் நகையும் புடவைக் கரையும் பாதி சுதையில், பாதி வண்ணத்தில்தான் முடிகின்றன. கண்ணுக்குக் கருவிழி வரைவது தூரிகைதானே? மழைக்கும் வெயிலுக்கும் அது ஒரு மேல்தோல் வேறு.

தெற்குக் கோபுரம் 1559-ல் சிராமலை செவ்வந்தி மூர்த்தி செட்டி என்பவர் கட்டியது. சுமார் 170 அடி உயரம், 1511 சுதை உருவங்கள். நாலு வெளிக் கோபுரங்களில் இதுதான் உயரம். கட்டியவர் ராஜா இல்லை, செட்டி என்பதைக் காமர்ஸ் மாணவன் என்ற முறையில் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன் :-)

சரி, கோபுரம் சுதை, அதனால் வண்ணம். கல்லில் செதுக்கியது? குகைக் கோவில்? அதெல்லாம் வெறும் கல்லாகத்தானே இருந்திருக்கும்?

இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. அதுவும் எங்கள் ஏரியாவிலேயே. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு, நப்பண்ணனார் பாடியது, திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. மதுரையிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் மலைக்குக் கிளம்பி வருகிறார்கள். குரங்குகளுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள், யானைக்குக் கரும்பு கொடுக்கிறார்கள். (குரங்கு விஷயத்தில் இன்றுவரை எந்த மாற்றமும் இல்லை.) அப்புறம் ஒரு மண்டபத்துக்கு வருகிறார்கள். அதன் பெயரே எழுத்துநிலை மண்டபம். பழந்தமிழில் எழுத்து என்றால் ஓவியமும்தான். அங்கே சூரியனும் கோள்களும் சுற்றும் வானச் சக்கரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். ரதி, மன்மதன் படம் இருக்கிறது. அகலிகை கதையும் இருக்கிறது. இந்திரன் பூனையாகிறான், கவுதமர் வருகிறார், அகலிகை கல்லாகிறாள். காதலிகள் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்கிறார்கள், கூட வந்தவர்கள் விளக்கம் சொல்கிறார்கள்.

இந்த இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முந்திய பாட்டு. நம் ஊர் ஜோடிகள் எங்கள் மலையில் ஓவியக் கண்காட்சி பார்த்துக்கொண்டே கடலை போட்டிருக்கிறார்கள்! நண்பன் எந்த மலையில் நின்று "வெறும் பாறைதான் கலை" என்றானோ, அதே மலை வண்ணச் சுவரோடு தமிழ் இலக்கியத்தில் நிற்கிறது. முருகனுக்குக் கும்பிடு போட வந்த இடத்தில்தான் படமும் பார்த்திருக்கிறார்கள். கலை தனி, பக்தி தனி என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போல.

மதுரைக்காஞ்சியில் இன்னொரு தகவல் இருக்கிறது. மாங்குடி மருதனார் மதுரைக் கடைத்தெருவைக் காட்டிக்கொண்டே வருகிறார். சங்கு அறுத்து வளையல் செய்பவர், மணியில் துளை போடுபவர், பொற்கொல்லர், புடவை விற்பவர், செம்பு நிறுத்து வாங்குபவர், பூவும் புகைப்பொருளும் விற்பவர். அந்த வரிசையிலேயே ஓவியரும் வருகிறார். அவருக்குக் கண்ணுள் வினைஞர் என்று பெயர். பார்ப்பவர் கண்ணுக்குள் வேலை செய்கிறவர்! கலைஞன் என்றால் தாடி வைத்து, உலகத்தைத் துறந்து, காசைத் தொடாமல் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்ற படமும் நமக்குப் பின்னால் வந்ததுதான். மதுரை ஓவியர் நெசவாளிக்குப் பக்கத்தில் பஜாரில் நிற்கிறார்.

சங்ககால மண்டபம் இன்றைக்கு இல்லை, பாட்டுதான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சாட்சிகளும் இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல். சமணக் குடைவரை. கூரையில் தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் அந்தக் கோவிலின் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. எங்க ஊர்க்காரர்! "புதுப்பித்தார்" என்ற அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன். தென்காசிப் பக்கம் திருமலாபுரம் குடைவரையிலும் பாண்டியர் கால ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது.

காஞ்சி கைலாசநாதர் கோவில் மணற்கல் கோவில். இன்று போகிறவர்கள் அந்த மண் நிறத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். அந்தச் சிற்பங்கள் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு இருந்தது, அதன்மேல் வண்ணம் இருந்தது. 1931-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அங்கே பல்லவர் கால ஓவியங்களைக் கண்டார். அதே 1931-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருட்டுப் பாதையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். வெறும் கல்லின் கம்பீரத்துக்கு நாம் உதாரணம் சொல்லும் கோவில்களே உள்ளுக்குள் இப்படி!

அப்படியானால் "கலை என்றால் நிறமில்லாத பழைய கல்" என்ற நினைப்பு நமக்கு எங்கிருந்து வந்தது?

பாதிப் பழி ஐரோப்பாவுக்கு. கிரேக்க, ரோமானியச் சிலைகள் மண்ணுக்கடியில் பல நூற்றாண்டு கிடந்து, வண்ணமெல்லாம் உதிர்ந்து வெள்ளையாக வெளியே வந்தன. பார்த்தவர்கள் அவை பிறந்ததே வெள்ளையாகத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். 1764-ல் விங்கெல்மன் என்ற ஜெர்மானியர் பழங்காலக் கலையின் வரலாற்றை எழுதினார். உடல் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு என்பது அவர் கட்சி. அவர் பேச்சு ஐரோப்பா முழுக்கச் சட்டமாகிவிட்டது. உண்மையில் அந்தச் சிலைகளுக்குச் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் பூசியிருந்தார்கள். 2003-ல் மியூனிக் நகரில் பிரிங்க்மன் என்ற ஆய்வாளர், மிச்சமிருந்த துகள்களை வைத்து வண்ணம் பூசிய மாதிரிச் சிலைகளைக் கண்காட்சியாக வைத்தார். அதில் ஒரு வில்லாளி வருவான். கால் முதல் கை வரை கட்டம் கட்டமாகப் பல வண்ண உடை. பார்த்தால் நம் கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரியே இருப்பான். நண்பனிடம் காட்டினால் "கொலு பொம்மை" என்றுதான் சொல்வான்.

இந்த வெள்ளைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வெள்ளைக்காரர்கள் இங்கேயும் வந்தார்கள். ஃபெர்குசன் 1876-ல் இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றை எழுதியபோது, ஆரம்பத்தில் உயர்ந்திருந்த கலை போகப் போகச் சரிந்தது என்பதே அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நம் நாயக்கர் காலக் கோபுரங்கள் வரிசையின் கடைசியில்தான் வரும். 1910-ல் லண்டனில் ஒரு கூட்டத்தில் பேர்ட்வுட் என்ற பெரியவர் ஒரு புத்தர் சிலையை, கொழுப்புப் போட்டு வேகவைத்த புட்டிங்கோடு ஒப்பிட்டார். நம் ஊர்ப் பாஷையில் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில்தான் ஹாவெல் போன்றவர்கள் சேர்ந்து அதே வருஷம் இந்தியக் கலைக்காக ஒரு சங்கமே தொடங்கினார்கள்.

மீதிப் பழியை நான் கேமராவின் மேல் போடுவேன். இதை யாரும் அதிகம் சொல்வதாகத் தெரியவில்லை. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி மதுரையைப் போட்டோ எடுத்தார். அருமையான படங்கள். ஆனால் அந்தக் காலப் போட்டோவில் ஏது கலர்? எல்லாம் பழுப்பு. நூறு வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகத்திலும் காலண்டரிலும் நாம் பார்த்த "பழைய மதுரை" எல்லாம் இப்படிக் கறுப்பு வெள்ளைதான். கடைசியில் பழமை என்றாலே பழுப்பு என்று மூளையில் பதிந்துவிட்டது. போட்டோவின் நிறத்தைக் கோபுரத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டோம்.

ரோடின் கதையும் இதே மாதிரிதான். பிரான்ஸின் மாபெரும் சிற்பி. நம் நடராஜரைப் பற்றி 1913-ல் உருகி எழுதினார். பலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் பார்த்தது சென்னை மியூசியத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜரின் போட்டோக்களை. பட்டு இல்லை, சந்தனம் இல்லை, வில்வம் இல்லை. கோவிலில் நடராஜரைக் கும்பிட்டவர்களுக்குத் தெரியும், பூவுக்கு நடுவே முகமும் தூக்கிய பாதமும் தெரிந்தாலே பெரிய தரிசனம். ரோடின் பார்த்தது தப்பு என்று சொல்லவில்லை. அந்த உடம்பின் வளைவைக் கோவிலில் நிற்கும் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் பார்த்தது மட்டும்தான் கலை, என் பாட்டி பார்த்தது கலை இல்லை என்றால் அதை ஒத்துக்கொள்ள முடியாது.

இப்போது "புதுப்பித்தார்" விஷயத்துக்கு வருகிறேன். கலைப்பொருள் என்றால் ஒருநாள் செய்து முடித்துவிட்டது, அதற்கு ஒரு தேதி உண்டு, அதன்பிறகு யார் தொட்டாலும் அசல் கெட்டது என்பது இன்னொரு நினைப்பு. எங்கள் பாடத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று பிரித்து எழுதச் சொல்வார்கள். கட்டடம் கட்டினால் முதலினம், வெள்ளையடித்தால் வருவாயினம். கோபுரத்தை இந்தக் கணக்கில் எழுதப் பாருங்கள், மண்டை காயும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். மீனாட்சி கோவிலில் 1963, 1974, 1995, 2009 என்று நடந்திருக்கிறது. இடைவெளி 11, 21, 14. நேரம் தவறாமை நம் ஊரில் எப்போதுமே இப்படித்தான். ஒவ்வொரு முறையும் சாரம் கட்டி, உடைந்த கையை ஒட்டி, போன மூக்கைச் செய்து, திரும்ப வண்ணம் பூசுகிறார்கள். அது வெறும் வெள்ளையடிப்பும் இல்லை, புதுக் கட்டடமும் இல்லை. தேய்மானத்தைக் கணக்கில் வைத்தே செய்த கலை அது. சுதையும் வண்ணமும் தேயும் என்று கட்டியவருக்குத் தெரியும். அதைத் திரும்பச் செய்ய அடுத்த தலைமுறையில் ஆள் இருப்பான் என்ற நம்பிக்கையும் அந்தக் கோபுரத்தின் ஒரு பகுதிதான்.

வடக்குக் கோபுரத்தைப் பாருங்கள். கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் (1564–1572) ஆரம்பித்தது. மேலே முடியாமல் நின்றதால் மொட்டைக் கோபுரம் என்றே பேர். வயிநாகரம் நாகப்ப செட்டியார் 1878-ல் முடித்தார். முந்நூறு வருஷம்! இதற்கு எந்தத் தேதி போடுவீர்கள்? (முடித்து இத்தனை காலமாகியும் எங்கள் ஊர்க்காரர்கள் மொட்டைக் கோபுரம் என்பதை விடவில்லை. மதுரையில் ஒருதரம் பட்டப்பெயர் விழுந்தால் அவ்வளவுதான்.)

ஜப்பானில் இசே என்ற இடத்தில் ஒரு மரக்கோவில் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013-ல் 62-வது தடவை கட்டினார்கள். மரம் புதுசு, கைவேலை பழசு. எது அசல்? 1994-ல் அதே ஜப்பானின் நாரா நகரில் உலக அறிஞர்கள் கூடி, அசல் என்பதை எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்று ஓர் ஆவணமே எழுதினார்கள். நமக்கு இந்தக் கேள்வி 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி ராத்திரி வந்தது. வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. மறுநாள் மதுரையே துக்க வீடு மாதிரி இருந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சூட்டில் வெடித்த தூண்களுக்குப் பதில் புதுத் தூண்கள் செதுக்க வேண்டியதாயிற்று. "புதுத் தூண் வச்சா அது பழைய மண்டபமாகுமா?" என்று எங்கள் தெருவில் சண்டையே நடந்தது. உளி பிடிக்கத் தெரிந்த ஸ்தபதிகள் இருக்கிற ஊரில் ஆகும் என்பது என் கட்சி. தஞ்சாவூரிலும் இதே சிக்கல் உண்டு. மேலே நாயக்கர் ஓவியம், கீழே சோழர் ஓவியம். சோழர்தான் அசல் என்று மேலே இருப்பதைச் சுரண்டிப் போட்டிருந்தால்? நல்லவேளை, தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் நாயக்கர் ஓவியத்தை ஏடு எடுப்பது போலப் பிரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். கீழே இருந்ததும் பிழைத்தது.

அப்படியென்றால் யார் எந்தப் பெயின்டை எங்கே அடித்தாலும் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. பழைய ஓவியர்கள் பயன்படுத்தியது சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரி, செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண் போன்றவை. அவற்றின் சாயலும் இன்றைய டப்பாப் பெயின்டின் பளபளப்பும் ஒன்று இல்லை. கோபுரத்தின் சில ரோஸ் கலர்களைப் பார்த்தால் எனக்கும் கண் கூசத்தான் செய்கிறது, அந்த அளவுக்கு நண்பன் கட்சி. கல்வெட்டு இருக்கும் சுவரில் எனாமல் அடிப்பது, பழைய ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அநியாயம். ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் நடந்த அநியாயத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1937, 38-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடந்த கதை அது. ஏதென்ஸ் பார்த்தினன் கோவிலிலிருந்து எல்ஜின் பிரபு கொண்டுவந்த சிற்பங்கள். புதுக் கூடம் கட்டப் பணம் கொடுத்த டுவீன் என்ற கோடீஸ்வரருக்கு அவை வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டுமாம். ஆட்கள் செம்பு உளியாலும் சாணைக்கல்லாலும் தேய்த்துத் தள்ளினார்கள். அழுக்கு என்று அவர்கள் நினைத்ததில் சிற்பத்தின் மேல்தோலும் சேர்ந்து போனது. விஷயம் வெளியே வந்து நாறிப்போனது.

நம் ஊரில் அதன் பெயர் மணல் வீச்சு. காற்றழுத்த மெஷினில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்லைச் 'சுத்தம்' செய்வது. திருப்பணி என்ற பெயரில் எத்தனையோ கோவில்களில் இதைச் செய்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போய்க் கல் பளிச்சென்று வரும். பார்த்தவர்கள் "ஆகா, ஒரிஜினல் கல் தெரியுது" என்றார்கள். கூடவே சிற்பத்தின் நகமும் புருவமும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கின. பிறகு அறநிலையத் துறை இதற்குத் தடை போட்டது. திருப்பணிகளால் பழமை சிதைவது பற்றி நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2017-ல் யுனெஸ்கோ குழுவின் அறிக்கையும் வந்தது.

இவ்வளவு நீட்டி முழக்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் சொந்த ஊரில் குலசாமி கோவிலுக்குத் திருப்பணி. சின்னக் கோவில், பங்காளிகள் சேர்ந்து பார்த்துக்கொள்வது. முன்னால் நாலு தூண் வைத்த கல் மண்டபம். தூணிலும் சுவரிலும் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக நிற்கும். என்ன செய்வது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் வெள்ளையடிக்கலாம் என்றார் ஒரு சித்தப்பா. நான் சும்மா இருந்திருக்கலாம். "வேணாம் சித்தப்பா, எல்லாத்தையும் எடுத்துட்டுக் கல்லை அப்படியே விடுங்க. அதுதான் ஒரிஜினல். டவுன்ல எல்லாம் இப்ப அப்படித்தான்" என்றேன். படித்த பையன் சொல்கிறான் என்று அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் மெஷினோடு வந்தார். அரை நாள் வேலை. ஊரே தூசி.

நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்சுவரில் சுண்ணாம்பு தோல் தோலாக விழும்போது, அடியில் ஓர் இடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது. வளைந்த கோடு. பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள். ஏதோ கறை என்று நினைத்தேன். ரெண்டு நிமிஷத்தில் அதுவும் போய்விட்டது. சுவர் பளிச்சென்று வந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

சாயங்காலம் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். மண்டபத்துக்குள் போய் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஒரு குதிரை இருந்துச்சுப்பா."

"என்ன குதிரை தாத்தா?"

"அய்யனார் குதிரை. நான் சின்னப் பையனா இருக்கும்போது எழுதியிருந்துச்சு. அப்புறம் யாரோ வெள்ளையடிச்சு விட்டாங்க. உள்ளதான் இருக்கும்னு நினைச்சிருந்தேன்."

நான் எதுவும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் திட்டவும் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று, "கடிவாளம் நீலம்" என்றார். அவ்வளவுதான்.

தாத்தா இப்போது இல்லை. அந்தக் குதிரையை நேரில் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அது வெள்ளைக் குதிரை என்கிறார், இன்னொருவர் சிவப்பு என்கிறார். நான் பார்த்த கோடு சிவப்பு. அது குதிரையா, சேணமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

நண்பனுக்கு இந்தக் கதையைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் "ம்" கொட்டிவிட்டு, "சரிடா, அடுத்த லீவுக்கு வர்றேன், அந்தக் கோபுரத்தை இன்னொரு தடவை பார்ப்போம்" என்றான். அவனோடு அழகர்கோவில் வசந்த மண்டபத்துக்கும் போகலாம் என்று இருக்கிறோம். கூரையில் நாயக்கர் கால ராமாயண ஓவியம், படத்துக்குப் படம் தமிழில் விளக்கம் எழுதியிருக்கும். நம் வகுப்பில் யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கோவிலில் சுண்ணாம்புக்கு அடியில் ஏதாவது கோடு தெரிந்தால், கையை வைக்காமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஊரில் வயசானவர்கள் இருந்தால் அது என்ன என்று கேட்டு அதையும் எழுதி அனுப்புங்கள்.